ஆளில்லாத பதவிக்கு அப்பா எழுதின மூணு கடிதம்

அக்கா, தூங்கிட்டியா? தூங்கியிருந்தா எழுந்திரு. காலைல படிச்சுக்கலாம்னு போன தள்ளி வெச்சுடாத. காலைல எட்டு மணிக்கு நம்ம வீட்டு வாசல்ல ஒரு ஆபீஸ் வண்டி வந்து நிக்கும். அப்பாவ ஏத்திட்டுப் போகும். அப்பாவுக்கு அந்த விஷயம் இன்னும் தெரியாது.

அவருக்குத் தெரியாம அவர நான் பதவியில உக்கார வெச்சுட்டேன்.

சிரிக்காத. அம்மாவுக்கு இந்த வாரம் நைட் டூட்டி. வார்டுல இருக்கறப்ப போன் எடுக்க மாட்டாங்க. அதனால உன்கிட்ட சொல்றேன். முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டு.

நீ கல்யாணமாகிப் போனதுக்கு அப்புறம் இந்த வீட்ல ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கு. அப்பாவோட கடிதம் எல்லாம் நான்தான் டைப் அடிக்கறேன். கையெழுத்து வாங்க நடுவுல நடுவுல ரூமுக்குள்ள போனா, "போச்சு, கணக்கு விட்டுப்போச்சு"ன்னு தலையில கை வெச்சுக்குவாரு. அதுக்கு அவரே ஒரு வழி கண்டுபிடிச்சாரு. ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து வெத்துத் தாள் எடுத்து, எல்லாத்துலயும் கீழ வலது பக்கம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாரு. வாரம் முழுக்க நான் அதுமேல பிரின்ட் எடுத்து அனுப்பணும். உலகத்துல எந்தக் கட்டடத்துல எங்க விரிசல் விட்டாலும் ஆயிரம் கேள்வி கேக்கற மனுஷன், இதுல ஒரு ஆபத்தும் இருக்கறதா நெனைக்கல. அம்மா ஒரு தடவ சொன்னாங்க, "யாராவது வீட்ட எழுதி வாங்கிக்கப் போறாங்க." அப்பா சொன்னாரு, "வீடு உன் பேருல இருக்கு."

பதவி வேணாம்னு சொல்ற கடிதத்துக்கு கம்ப்யூட்டர்ல மூணு மாதிரி வெச்சிருக்கேன். ஒண்ணு மரியாதை, ஒண்ணு சாதா, ஒண்ணு கடைசி. எந்தக் குழு, எந்த வாரியம், எந்தத் தலைமைப் பொறுப்பு வந்தாலும் அப்பா உள்ளேர்ந்து "சாதா" அப்படின்னு ஒரு குரல் விடுவாரு. பேர மட்டும் மாத்தி அனுப்பிடுவேன்.

போன வாரம் நகரசபை செயலாளர் வந்தாரு. கட்டடப் பாதுகாப்பு ஆணையர் வேலைக்கு அப்பாவக் கேக்கறதுக்கு. மூணாவது தடவ. நல்ல மனுஷன்க்கா, பாவம். வந்து உக்காந்தா நாற்காலி நுனியிலதான் உக்காருவாரு.

"சார், ஒரு கட்டடம் விழுந்தா அது ஏன் விழுந்துச்சுன்னு சொல்ல நீங்க இருக்கீங்க. விழறதுக்கு முன்னாடி சொல்ல ஒரு ஆள் வேணும் சார்."

"முன்னாடியும் சொல்லிட்டுதானே இருக்கேன். ரெண்டு கடிதம் போட்டிருக்கேன்."

"யாருக்கு சார்?"

"ஆணையருக்கு."

செயலாளர் டீ டம்ளர கீழ வெச்சாரு. "சார், அந்த நாற்காலிதான் பதினோரு மாசமா காலி. அதுல வந்து உக்காருங்கன்னுதான் நான் உங்க வீட்டுக்கு அலையறேன்."

"தெரியும். யாராவது வந்ததும் படிப்பாரு இல்ல?"

எனக்கு வாய் சும்மா இருக்கல. "அதுவரைக்கும் வேற யாராவது பிரிச்சுப் படிக்கக் கூடாதா சார்?"னு கேட்டேன்.

"விதி இல்லம்மா. ஆணையர் பேருக்கு வந்தா ஆணையர்தான் பிரிக்கணும். எல்லாத்தையும் ஒரு அட்டப்பெட்டியில போட்டு வெச்சிருக்கோம். பத்திரமா இருக்கு." கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவ சொன்னாரு, "ரொம்ப பத்திரமா இருக்கு."

அவர் போனதும் அம்மா ஆரம்பிச்சாங்க. "பக்கத்து பெட்ல ஒருத்தன் வலிக்குதுன்னு கத்தறான். டாக்டர் அவன் கத்தறத அழகா கட்டுரையா எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பறாரு. நல்லா இருக்கு."

"நான் டாக்டர் இல்ல."

"அதான் அந்த நோயாளி இன்னும் உயிரோட இருக்கான்."

அப்பா அன்னிக்குக் கோவப்படல. மண் மாமாவப் பத்திச் சொன்னாரு. உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவோட கூட்டாளி, மண்ணு பரிசோதனை பண்ற மாமா. வீட்டுக்கு வந்தா நம்ம பூந்தொட்டியில விரல விட்டு மோந்து பாப்பாரே, அவருதான். அவர் ஒரு பெரிய பதவிக்குப் போனாரு இல்ல? ரெண்டு வருஷத்துல அவர் போட்ட கையெழுத்துல பாதி நாற்காலி வாங்கினதுக்காம். மீதி பாதி, வாங்கின நாற்காலிய வேற ரூமுக்கு மாத்தினதுக்காம். திரும்பி வந்தப்ப அவர் எழுதின புத்தகத்த அவராலயே படிக்க முடியலையாம்.

"அது கூடப் பரவால்ல"ன்னாரு அப்பா. "ஒரு நாள் மேலேர்ந்து ஒரு போன் வந்துச்சு. மண்ணு சரியில்லாத எடத்துக்கு சரின்னு கையெழுத்துப் போட்டான். கட்டடம் விழல. அதான் கொடுமையே. விழாததால, தான் பண்ணது சரிதான்னு நெனச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் அவனுக்கு போனே வர வேண்டியிருக்கல. அவனாவே கையெழுத்துப் போட ஆரம்பிச்சுட்டான்."

அம்மா டூட்டிக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க. அப்பா என்னப் பாத்து, "கடைசி"ன்னாரு. அதாவது கடைசி மறுப்பு. அத மட்டும் அனுப்பியிருந்தா இப்ப தூங்கிட்டிருப்பேன்.

இப்ப என் ஸ்கூல் விஷயம்.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வந்தாரு. அம்மா தள்ளிவிட்டாங்கன்னு வந்தாரு. என் மார்க்கப் பத்தி டீச்சர் சொல்லிட்டிருக்காங்க, இவர் கண்ணு ஜன்னல் வழியா மாடிப்படியோட அடிப்பக்கத்தப் பாக்குது. "ஒரு நிமிஷம்"னு எழுந்து போனவர் திரும்பி வரவே இல்ல. போய்ப் பாத்தா, ரெண்டாவது மாடி திருப்பத்துக்குக் கீழ, சட்டைப் பையிலேர்ந்து அந்தக் கோடு போட்ட பிளாஸ்டிக் அட்டைய எடுத்து விரிசலோட அகலத்த அளந்துட்டு இருக்காரு. அப்புறம் ஒரு சின்ன கண்ணாடித் துண்ட விரிசலுக்குக் குறுக்க ஒட்டினாரு. "விரிசல் நகந்தா கண்ணாடி உடையும். தினம் பாத்து சொல்லு"ன்னாரு. மத்த அப்பாங்க எல்லாம் பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டு இருந்தாங்க.

ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டயும் சொன்னாரு, சொல்லாம இல்ல. "இன்னும் ஒன்றரை வருஷம் தாங்கும். அதுக்குள்ள படிய மூடிடுங்க." அவங்க சொன்னாங்க, "ஆணையர் ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வந்தா இன்னிக்கே மூடறேன் சார். நானா மூடினா நாளைக்கு ஊர்ல எல்லாரும் என்னக் கேப்பாங்க." அதனால அப்பா வீட்டுக்கு வந்து ஆணையருக்குக் கடிதம் எழுதினாரு. அட்டப்பெட்டிக்கு. மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு.

நடுவுல ஒரு கட்டுரை. நான்தான் டைப் அடிச்சேன். அதுல பன்னெண்டு கட்டடம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. "கட்டடம் ஊ: மூன்று மாடிப் பள்ளி, நாற்பது ஆண்டுகள் பழையது, படிக்கட்டின் அடிப்பகுதியில் தொடர் விரிசல்." நான் உள்ள போய், "அப்பா, ஊ என் ஸ்கூலா?"ன்னேன்.

"கட்டுரையில பேரு போடக் கூடாதும்மா."

"பேரு கேக்கல. நான் தினம் ஏறற படியான்னு கேக்கறேன்."

"ஆமா. நல்ல உதாரணம்."

போன செவ்வாய்க்கிழமை கண்ணாடி உடைஞ்சுது.

சாப்பாட்டு மணி அடிச்சு இறங்கறப்ப பாத்தேன். நட்ட நடுவுல ஒரு கோடு. வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அப்பா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "எத்தனை மணிக்கு? காலைல முழுசா இருந்துச்சா? உறுதியா?" எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டாரு. அப்புறம் கொஞ்சம் கவலையா, "மூணாவது கடிதம் போடணும்"னாரு.

அந்த மூணாவது கடிதத்தையும் நான்தான்க்கா டைப் அடிச்சேன். "மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு"ன்னு அடிக்கறேன், கையில அதே ஆணையர் வேலைய வேணாம்னு சொல்ற கடிதமும் இருக்கு. ரெண்டுலயும் ஒரே கையெழுத்து.

வியாழக்கிழமை மறுப்ப பிரின்ட் எடுக்க உக்காந்தேன். எடுக்கல. சம்மதம்னு அடிச்சேன். மூணு வரிதான் வந்துச்சு. கையெழுத்து எங்கயோ அடியில கிடக்கு, நடுவுல ஒரு மைதானம் மாதிரி இடம். பாத்தா சந்தேகம் வரும்னு நிபந்தனை போட்டு ரொப்பினேன். நாலு மணிக்கு மேல கூப்பிடக் கூடாது. நாற்காலி வாங்கற கோப்பு என்கிட்ட வரக் கூடாது. முதல் வேலையா பள்ளிக்கூடங்கள் எல்லாத்தையும் பரிசோதிப்பேன். நானே போய் ஆபீஸ்ல குடுத்துட்டு, முத்திரை குத்தின நகல் வாங்கிட்டு வந்தேன்.

இன்னிக்கு சாயங்காலம் செயலாளர் போன் பண்ணாரு. நான்தான் எடுத்தேன். "அம்மா, அப்பா நம்ம ஊருக்கே பெரிய உதவி பண்ணிட்டாரு. நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி. பேப்பர்காரங்களும் வருவாங்க"ன்னாரு. "சொல்றேன் சார்"னு வெச்சுட்டேன். அப்பா சாப்பிட்டுட்டே, "யாரு?"ன்னாரு.

"ராங் நம்பர்."

"ரொம்ப நேரம் பேசினியே."

"அவருக்கு நல்ல மனசுப்பா."

இப்ப பன்னெண்டே கால். அவர் ரூம்ல இன்னும் லைட் எரியுது. போய் சொல்லப் போறேன். சொல்லலன்னா காலைல பேப்பர்காரங்க முன்னாடி, "நான் எழுதவே இல்லையே"ன்னு உண்மைய சொல்லிடுவாரு. அவருக்குப் பொய் வராது. இரு.

*

வந்துட்டேன். நீ இன்னும் படிக்கல போல. பரவால்ல.

உள்ள போய் நகல நீட்டினேன். வாயால சொல்ல வரல. அப்பா கண்ணாடிய நெத்தியிலேர்ந்து இறக்கிப் படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம் கையெழுத்த லைட்டுக்குக் கிட்ட கொண்டுபோய்ப் பாத்தாரு. "என்னோடதுதான்"னாரு, ஏதோ யாரோ சந்தேகப்பட்ட மாதிரி.

"நான்தான்ப்பா பண்ணேன்."

"தெரியுது. ‘நிபந்தனை’க்கு அப்புறம் முற்றுப்புள்ளி வெக்காம விட்டிருக்க. நான் விட மாட்டேன்."

கத்துவாருன்னு காத்திருந்தேன். கத்தல. அதுதான் பயமா இருந்துச்சு. நாற்காலிய என் பக்கம் திருப்பி, "ஏன்?"னாரு. அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்துடுச்சுக்கா. "நாளைக்குத் திங்கக்கிழமைப்பா"ன்னேன்.

"அதுக்கு?"

"திங்கக்கிழமை அசெம்பிளி. முடிஞ்சதும் எல்லா கிளாசும் ஒண்ணா ஏறும்."

அப்பா பேனாவ எடுத்தாரு. "ஒண்ணான்னா எத்தனை பேரு?"

"மேல ரெண்டு மாடிக்கும் சேத்து நானூறு பேரு. ஒருத்தர் முதுகுல ஒருத்தர் மோதிக்கிட்டுதான் ஏறுவோம்."

"நான் அன்னிக்குக் கால் மணி நேரம் நின்னு எண்ணினேனே. ஒரே நேரத்துல இருபது பேருக்கு மேல இல்லையே."

"அது பெற்றோர் கூட்டம்ப்பா. அப்பா அம்மாங்க ஒவ்வொருத்தரா ஏறினாங்க. அன்னிக்கு எங்களுக்கு கிளாஸ் கிடையாது."

நான் மீதியையும் சொல்லிட்டேன். இறங்கறப்ப அந்தத் திருப்பத்துல மேல் மூணு படியிலேர்ந்து எல்லாரும் சேந்து கைய கோத்துக்கிட்டுக் குதிப்போம்னு. சத்தம் கீழ ஆபீஸ் ரூம் வரைக்கும் கேட்டா அந்த கிளாஸ் ஜெயிச்ச மாதிரி. எங்களுக்கு முன்னாடி படிச்சவங்க காலத்துலேர்ந்தே நடக்குது. நீயும் குதிச்சிருப்ப. பொய் சொல்லாத.

"குதிப்பீங்களா?"

"ஆமா."

"நீயும்?"

"போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்."

அப்பா பழைய நோட்டத் தேடி எடுத்து, இருபதுன்னு இருந்த எடத்த அடிச்சுட்டு நானூறுன்னு எழுதினாரு. கீழ ஏதேதோ கணக்குப் போட்டாரு. பாதியிலயே நிறுத்திட்டாரு. அவர் ஒரு கணக்க பாதியில நிறுத்தி நான் பாத்ததே இல்ல.

"எவ்வளவு நாள்ப்பா?"

"நாள்ல சொல்ற மாதிரி இல்ல."

அப்புறம், "ஏன் எங்கிட்ட இத முன்னாடியே சொல்லல?"ன்னாரு.

"நீங்க கேக்கலையேப்பா."

மணி பன்னெண்டே முக்காலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் போட்டாரு. எதையோ தெரியாம அழுத்தி ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு, அதனால முழுசா கேட்டேன். அவங்க தூக்கக் கலக்கத்துல பேசினாங்க. அப்பா விரிசல் எப்படிப் பரவும்னு நாலு நிமிஷம் பாடம் எடுத்தாரு. கடைசியில அவங்க சொன்னாங்க, "சார், நீங்க பெரிய படிப்பாளி, நான் மறுக்கல. ஆனா உங்ககிட்ட அன்னிக்கு சொன்னதுதான். ஆணையர் சொல்லணும்."

அப்பா போன கையிலயே பிடிச்சுட்டு சுவரப் பாத்துட்டு நின்னாரு. வாய்க்குள்ள ஏதோ சொல்லிப் பாத்துக்கிட்டாரு, ஒத்திகை மாதிரி. அப்புறம் சொன்னாரு:

"ஆணையர்தான் பேசறேன்."

"யாரு?"

"நான்தான். ஆணையர்."

"எப்பலேர்ந்து சார்?"

அப்பா என்னப் பாத்தாரு. நான் நகலத் தூக்கி முத்திரைத் தேதியக் காட்டினேன்.

"வியாழக்கிழமையிலேர்ந்து"ன்னாரு.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சுன்னு சத்தம். எழுந்து உக்காந்துட்டாங்க. "அப்ப சரிங்க சார். படிய மூடிடறேன். நானூறு பிள்ளைங்கள எங்க உக்கார வெக்கட்டும்?"

"அது என் துறை இல்லம்மா."

"இப்ப உங்க துறைதான் சார்."

போன வெச்சுட்டு அப்பா கட்டில்ல உக்காந்தாரு. ஒரு வாய் தண்ணி குடிச்சாரு. நான் மெதுவா, "கோவமாப்பா?"ன்னேன்.

"கோவம் இருக்கு. அதுக்கு இப்ப நேரம் இல்ல"ன்னாரு. "இன்னும் பதவிக்கே போகல, அதுக்குள்ள முதல் பொய் சொல்லிட்டேன். வியாழக்கிழமையாம். மண் மாமா கூட ஒரு வருஷம் தாக்குப் பிடிச்சான்."

"நல்லதுக்குத்தானேப்பா சொன்னீங்க."

"அவனும் அப்படித்தான் சொன்னான்."

அப்புறம் நிதானமா சொன்னாருக்கா. நாளைக்கு எட்டு மணிக்கு அந்த வண்டியில ஏறப் போறாராம். முதல் உத்தரவு படிய மூடறது. அத எழுதிக் குடுத்துட்டு, அதே ரூம்ல செயலாளர உக்கார வெச்சு, வியாழக்கிழமை கடிதத்த எழுதினது யாருன்னு சொல்லப் போறாராம். அதக் கேட்டுட்டு அவங்க வேணாம்னா வந்துடுவாராம். வேணும்னா இருப்பாராம். "ஒளிச்சு வெச்சுட்டு அந்த நாற்காலியில உக்காந்தா நாளைக்கு எவனாவது போன் பண்ணி ஒண்ணு கேப்பான். எனக்கு இல்லன்னு சொல்ல வாய் வராது."

"நான்?"

"நீயும் வரணும். நீதானே எழுதின."

"பேப்பர்காரங்க இருப்பாங்கப்பா."

"கதவ சாத்திக்கலாம். அந்த அளவுக்கு எனக்கு அதிகாரம் இருக்கும்னு நெனைக்கறேன்."

செயலாளர் என்ன சொல்வாருன்னு தெரியல. போலீஸ்ல சொல்வாங்களா? ஸ்கூல்ல டி.சி. குடுத்துடுவாங்களா? நீ அங்க யாரையாவது கேட்டு சொல்லு, உன் வீட்டுக்காரர் கூட வேல பாக்கறவரு யாரோ வக்கீலுன்னியே. அம்மாகிட்ட நீ சொல்லிடாத, நானே சொல்றேன். பயம் போகல. ஆனா சாயங்காலம் இருந்த பயம் வேற, இது வேற. இதுல அந்தப் படி இல்ல.

அப்பா இப்ப ஹால்ல உக்காந்து நானூறு பேர தரை மாடியில உக்கார வெக்கறதுக்குப் படம் போடறாரு. ரொம்ப மோசமா போடறாரு. ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூம்ல அறுபது பேர வெச்சிருக்காரு. கழுவற இடத்துல எட்டாவது கிளாஸ். நான் சிரிச்சேன், முறைச்சாரு. "வராண்டா எத்தனை அடி நீளம்?"னாரு. தெரியாதுன்னேன். சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேல கூரை இருக்கான்னாரு. இருக்கு, ஆனா ஒழுகும்னேன். அதையும் எழுதிக்கிட்டாரு.

இப்ப எழுந்துட்டாரு. ஸ்கூலுக்குப் போய் வாட்ச்மேன எழுப்பி வராண்டாவ அளந்து பாத்துட்டு, அப்படியே படிக்குக் குறுக்க கயிறு கட்டிட்டு வந்துடலாமாம், காலைல சீக்கிரம் வர்ற பிள்ளைங்க ஏறிடக் கூடாதாம். மணி ஒண்ணே கால். அளக்கற டேப்போட ஒரு முனையப் பிடிக்க ஆள் வேணுமாம்.

செருப்பு மாட்டிட்டு நிக்கறாரு. போயிட்டு வந்து சொல்றேன்.